பழகினால் தீருமா?

மனிதரில் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை இழிவாக எண்ணுவதற்குக் காரணம் ஒருவரையொருவர் அறியாமையே என்றும், அந்த அறியாமை நீங்கும்படி இருதிறத்தாரையும் ஓரிடத்தில் கூட்டி ஒரே பந்தியில் உண்ணவும் ஒரே மைதானத்தில் ஆடவும் வைத்துவிட்டால் தப்பெண்ணம் தானாகக் கரைந்துபோகும் என்றும் ஒரு சித்தாந்தம் இன்று படித்தவர்களிடையே ஏறக்குறைய மறுப்பாரின்றி வழங்கிவருகிறது. பள்ளி ஆண்டு விழாவுக்குத் தலைமை வகிப்பவர் இதைச் சொல்கிறார். சாதிக் கலவரம் நடந்த ஊருக்கு மறுவாரம் போகும் அதிகாரி இதைச் சொல்கிறார். பெரிய கம்பெனிகளில் ஊழியர்களுக்கு நல்லிணக்கப் பயிற்சி அளிக்க வருவோர் திரையில் படம் காட்டி இதையே சொல்கிறார்கள். சொல்பவர்கள் நல்லவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. கேட்பதற்கு இதமான கருத்து என்பதிலும் ஐயமில்லை. அந்த இதமே என்னைச் சந்தேகிக்கச் செய்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரு மக்கட்பகுதியின் உழைப்பையும் மானத்தையும் விழுங்கிவந்த ஓர் ஏற்பாட்டுக்கு, எவருக்கும் ஒரு காசு நஷ்டமின்றி, எவருடைய ஸ்தானமும் ஓர் அங்குலம் தாழாமல், சேர்ந்து உட்கார்ந்து தேநீர் அருந்துவதே பரிகாரம் என்று ஒருவர் சொன்னால், அப்பரிகாரம் யாருக்கு வசதியானது என்று கேட்பது குற்றமாகாது.

இச்சித்தாந்தத்துக்கு மூலபுருஷராகக் காட்டப்படுபவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த கார்டன் ஆல்போர்ட். தப்பெண்ணத்தின் இயல்பைக் குறித்து அவர் எழுதிய பெருநூல் 1954-இல், அதாவது பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த அதே ஆண்டில், வெளிவந்தது. அந்நூலின் பெயரால் பேசுவோர் தொகையும் அதைப் படித்தோர் தொகையும் ஒன்றல்ல என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், வெறுமனே பழகினால் தீரும் என்று ஆல்போர்ட் சொல்லவேயில்லை. மேலோட்டமான பழக்கம் தப்பெண்ணத்தை வளர்க்கவும் கூடும் என்று எச்சரித்த அவர், பழக்கம் பலிதமாவதற்கு நான்கு நிபந்தனைகளை வைத்தார்: கூடுமிடத்தில் இருதிறத்தாரும் சம அந்தஸ்து உடையவர்களாயிருக்க வேண்டும்; இருவருக்கும் ஒரே நோக்கம் இருக்க வேண்டும்; அந்நோக்கத்தைப் போட்டியால் அன்றி ஒத்துழைப்பால் அடைய வேண்டும்; அவர்கள் சேர்வதற்குச் சட்டமோ, அதிகாரமோ, ஊர் வழக்கமோ வெளிப்படையாகத் துணை நிற்க வேண்டும். இவற்றில் முதலாவதும் கடைசியும் மனத்தைப் பற்றியவை அல்ல, அதிகாரத்தைப் பற்றியவை. அவ்விரண்டையும் விட்டுவிட்டு இடையிலுள்ள இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரூராகப் பிரசாரம் செய்வது, வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டில் மருந்தை விட்டு அனுபானமாகிய தேனை மட்டும் நோயாளிக்குக் குழைத்துக் கொடுப்பதாகும்.

அறியாமை என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளைப் பாலூட்டித் தாலாட்டி வளர்த்தவர்கள் கறுப்பினப் பெண்கள். அந்த வீடுகளின் அடுப்பும், படுக்கையறையும், குடும்ப ரகசியங்களும் அவர்கள் அறியாதவை அல்ல. அம்மடியில் வளர்ந்த பிள்ளைகளே பெரியவர்களாகித் தனிப் பள்ளியும் தனிக் குழாயும் தனி இருக்கையும் சட்டமாக்கிக் காத்தார்கள். நம் காவிரிப் படுகைக்கு வருவோம். மிராசுதாரின் எந்த வயலில் எந்த மடை உடையும், எந்த மாடு முட்டும், அவர் வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பண்டம் ஒவ்வாது என்பதெல்லாம் பண்ணையாளுக்குத் தெரியும்; பண்ணையாளின் பாட்டன் வாங்கிய கடன் எவ்வளவு, அவன் மகளுக்கு எந்த ஊரில் சம்பந்தம் பேசுகிறார்கள் என்பதெல்லாம் மிராசுதாருக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டபோது, எரித்தவர்களுக்கும் எரிந்தவர்களுக்கும் இடையே குறைவாக இருந்தது பழக்கம் என்று எவரேனும் சொல்வாரானால் அவர் அந்த வட்டாரத்தின் சரித்திரத்தை அறியாதவர். கூலி உயர்வு கேட்டார்கள், சங்கம் வைத்தார்கள், குனிந்த முதுகு நிமிர்ந்தது. அந்த நிமிர்வைத்தான் பொறுக்க முடியவில்லை.

இரட்டைக் குவளை வைத்திருந்த தேநீர்க் கடையையும் சற்று நின்று பாருங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கண்ணாடித் தம்ளரோ எவர்சில்வர் தம்ளரோ கைக்கு வரும். சேரியிலிருந்து வருபவர் கூரைக் கம்பத்தில் தொங்கும் குவளையைத் தாமே எடுத்து நீட்டி, நின்றபடி குடித்து, தாமே கழுவி மாட்டிவிட்டுப் போக வேண்டும். கடைக்காரருக்கு வருகிற ஒவ்வொருவரையும் தெரியும்; யாருக்குச் சர்க்கரை குறைவு, யாருக்குக் கடன் பாக்கி என்பதுகூடத் தெரியும். அப்படித் தெரிந்திராவிட்டால் யாருக்கு எந்தக் குவளை என்று அவர் எப்படித் தீர்மானிப்பார்? முன்பின் அறியாத வழிப்போக்கர் ஒருவர் வந்தால்தான் அவருக்குத் திகைப்பு. விசாரித்து அறிந்த பிறகே கை எந்தப் பக்கம் போவது என்பது நிச்சயமாகும். தீண்டாமை என்பது அறியாமையின் விளைவன்று. மிக நுட்பமான அறிவின்மேல் கட்டப்பட்ட ஒழுங்கு அது. கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போங்கள் என்று அம்பேத்கர் தம் மக்களுக்குச் சொன்னதன் நியாயமும் இதுவே. தம்மை அறியாதவர்கள் நடுவில் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய மரியாதை, தம்மை அறிந்தவர்கள் நடுவில் கிடைக்கவில்லை.

இதற்கு எதிர்க்கட்சியார், நீர் காட்டுவதெல்லாம் ஆண்டானும் அடிமையும் பழகிய பழக்கம். நாங்கள் சொல்வது சமமானவர்களின் பழக்கம் என்பார்கள். நல்லது, அதற்கும் ஒரு பிரமாணம் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாவில் போக்கஹாண்டஸ் என்று பெயர் பெற்ற நிலக்கரி வயலில் வெள்ளைத் தொழிலாளரும் கறுப்புத் தொழிலாளரும் ஒரே சுரங்கத்தில் இறங்கினார்கள்; ஒரே தொழிற்சங்கத்தில் உறுப்பினராயிருந்தார்கள். பூமிக்கடியில், மேற்கூரை எப்போது சரியும், வாயு எப்போது பற்றும் என்று தெரியாத இருட்டில், ஒருவன் கவனக்குறைவு மற்றவன் உயிருக்கு உலை. ஆல்போர்ட் கேட்ட சமத்துவம், பொது நோக்கம், ஒத்துழைப்பு ஆகிய மூன்றும் இதைவிடக் கச்சிதமாக எங்கே கூடிவரும்? மினார்டு என்ற ஆய்வாளர் அங்கே கண்டதை 1952-இல் எழுதி வெளியிட்டார். வெள்ளைத் தொழிலாளரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் மேலும் கீழும் கறுப்பரைச் சமமாக நடத்தினர்; ஐந்தில் ஒரு பங்கினர் மேலும் கீழும் வெறுத்தனர்; எஞ்சிய 60 விழுக்காட்டினர் சுரங்கத்துக்குள் தோழராகவும், சுரங்க வாயைக் கடந்து வெயிலில் கால் வைத்த கணமே அந்நியராகவும் வாழ்ந்தனர். காலையில் தன் உயிரை ஒப்படைத்த மனிதனோடு மாலையில் ஒரு மேசையில் அமர மறுப்பவனுக்கு அவனைத் தெரியாது என்று சொல்ல முடியுமா? கீழே ஒரு சட்டம், மேலே ஒரு சட்டம். அந்தந்த இடத்தின் சட்டப்படி அவன் நடந்தான். அவன் இதயத்தில் எது இருந்தது என்று கேட்டால், அவனுக்கே விடை தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

எதிர்க்கட்சியார் மிகவும் விரும்பி எடுத்துக்காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. அதனை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் 1944-ஆம் ஆண்டு இறுதியில் ஜெர்மானியர் திரும்பித் தாக்கியபோது அமெரிக்கத் தரைப்படைக்கு ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. அதுவரை மூட்டை சுமக்கவும் லாரி ஓட்டவும் மட்டுமே நிறுத்தப்பட்டிருந்த கறுப்பின வீரர்களிலிருந்து போர்முனைக்குத் தொண்டர்கள் கேட்கப்பட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சி பெற்று, தனித் தனிப் பிளாட்டூன்களாக வெள்ளையர் கம்பெனிகளோடு சேர்க்கப்பட்டனர். போர் முடிந்ததும் சாமுவேல் ஸ்டாஃபர் என்ற சமூகவியலாளரும் அவர் குழுவினரும் வெள்ளை வீரர்களை விசாரித்தார்கள். இப்படிக் கலப்பதை மிகவும் வெறுப்போம் என்றவர்கள், கறுப்புப் பிளாட்டூன் இல்லாத படைப்பிரிவுகளில் 62 விழுக்காடு. கறுப்புப் பிளாட்டூனோடு ஒரே கம்பெனியில் போரிட்டவர்களில் வெறும் 7 விழுக்காடு. பழக்கத்தின் மகிமையைப் பாரீர் என்று இதனைக் காட்டுகிறார்கள். நானும் பார்க்கிறேன், ஆனால் கதையின் தலையையும் காலையும் சேர்த்துப் பார்க்கிறேன். தலைப்பக்கம் இருப்பது ஓர் ஆணை. உங்கள் பக்கத்தில் கறுப்பர் வரலாமா என்று எந்த வெள்ளைச் சிப்பாயையும் எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. தொண்டர்களாக வந்த கறுப்பர்களில் சார்ஜென்ட் முதலிய பதவியிலிருந்தவர்கள், வெள்ளையருக்கு மேலதிகாரியாகிவிடக் கூடாதே என்பதற்காகத் தம் பட்டைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாதாரணச் சிப்பாயாக வர வேண்டியிருந்தது. போர் முடிந்தது, பிளாட்டூன்கள் கலைக்கப்பட்டன, அவர்கள் பழைய தனிப்படைகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். அந்த 93 விழுக்காட்டினரின் கனிந்த மனம் அதைத் தடுத்து நிறுத்தவில்லை. இராணுவத்தில் நிறப் பிரிவினை முடிவுக்கு வர 1948 ஜூலையில் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட மற்றோர் ஆணை தேவைப்பட்டது.

இனி எண்களோடு வருவோருக்குப் பதில் சொல்ல வேண்டும். தாமஸ் பெட்டிகுரூ, லிண்டா ட்ராப் என்னும் இரு உளவியலாளர்கள் அதுவரை நடந்த 515 ஆய்வுகளை, இரண்டரை லட்சம் பேருக்கு மேற்பட்டோரைப் பற்றிய விவரங்களை, ஒன்றுதிரட்டி 2006-இல் வெளியிட்டார்கள். பழக்கம் மிகுந்த இடத்தில் தப்பெண்ணம் குறைந்திருக்கிறது என்றும், ஆல்போர்ட்டின் நிபந்தனைகள் நிறைவேறினால் பயன் கூடுகிறது, நிறைவேறாவிட்டாலும் ஓரளவு பயன் உண்டு என்றும் அவர்கள் முடிவு கண்டார்கள். இது அலட்சியப்படுத்தத் தக்க வேலையன்று. என் வாதத்துக்கு நேர் எதிராக நிற்பது. ஆயினும் அவ்வாய்வுகளில் பெரும்பாலானவை, யாருக்கு எத்தனை நண்பர்கள், யாருக்கு எவ்வளவு வெறுப்பு என்று ஒரே சமயத்தில் கேட்டுப் பொருத்திப் பார்த்தவை. வெறுப்பு இல்லாதவனே நண்பனைத் தேடிப் போனானா, நண்பன் வாய்த்ததால் வெறுப்பு நீங்கிற்றா என்பதை அம்முறையால் பிரித்தறிவது கடினம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியையான எலிசபெத் லீவி பாலக், இரு சகாக்களோடு சேர்ந்து 2019-இல் அந்தக் குவியலைச் சலித்தார். சீட்டுக் குலுக்கியது போல் ஆட்களைப் பிரித்து, சிலரைப் பழகவிட்டு, சிலரைப் பழகவிடாமல் வைத்து, குறைந்தது ஒரு நாளாவது கழித்து மனப்போக்கை அளந்த சோதனைகள் எத்தனை என்று தேடினார், தேறியவை 27. அவற்றிலும் பழக்கத்தால் பொதுவாக நன்மையே காணப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இனம், நிறம் பற்றிய தப்பெண்ணத்தை எடுத்துக்கொண்டவற்றில் நன்மை மிகவும் குறைவு. அவ்வகையிலும் 25 வயது கடந்தவர்களைச் சோதித்த ஆய்வு ஒன்றுகூட இல்லை. ஊரின் நிலமும் கடையும் கோயிலும் போலீஸ் ஸ்டேஷனும் யார் கையில் இருக்கின்றன? 25 வயது கடந்தவர்கள் கையில்தான்.

இவையெல்லாம் கணக்கு வழக்கைப் பற்றிய சண்டை. என் மூல ஆட்சேபம் வேறு. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் அளப்பது பிரியத்தை: மற்றவனைப் பிடிக்கிறதா, அவனோடு பேசத் தயக்கமா, அவனை நல்லவன் என்று எண்ணுகிறாயா என்பவற்றை. இழிவின் சாரம் பிரியமின்மையா? எசமானன் வேலையாளை மனமாரப் பிரியப்படலாம். அவனுக்கு நோய் வந்தால் பதறலாம். அவன் மகன் படித்துவிட்டுத் தன் எதிரே நாற்காலியில் உட்காரும் நாளில் அந்தப் பிரியம் என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் சங்கதி விளங்கும்.

டமார் சகுய் என்ற இஸ்ரேலிய உளவியலாளரும் ஜான் டோவிடியோ முதலியோரும் 2009-இல் வெளியிட்ட ஒரு சோதனை இவ்விஷயத்தைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது. மாணவர்களை இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு மட்டும் மதிப்பெண் சலுகைகளைப் பங்கிடும் அதிகாரம் கொடுத்தார்கள். பங்கீட்டுக்கு முன் சில குழுக்களைத் தங்களுக்குள் பொதுவான விஷயங்களைப் பற்றியும், சில குழுக்களைத் தங்களைப் பிரிக்கும் வேற்றுமைகளைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். பொதுவானவற்றைப் பேசியவர்களிடையே பரஸ்பர சிநேகம் வளர்ந்தது. அதிகாரமில்லாத குழுவினர், இவ்வளவு நல்லவர்கள் நமக்கு நியாயமாகப் பங்கு தருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். பங்கீடு நடந்தது. அதிகாரம் பெற்றவர்கள், வேற்றுமைகளைப் பேசியவர்களைப் போலவே, தம் குழுவுக்கே அதிகம் எடுத்துக்கொண்டார்கள். சிநேகத்தால் மாறியது ஒன்றே: ஏமாறுகிறவர்களின் எச்சரிக்கை குறைந்தது. இஸ்ரேலிலுள்ள அரேபியரிடமும் இதன் சாயலையே அவர்கள் கண்டார்கள். யூதர்களோடு இனிய பழக்கமுடையவர்களிடம் சமூக மாற்றத்துக்கான ஆதரவு குறைந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் ஜான் டிக்ஸன், கெவின் டர்ஹைம் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்விலும், பழக்கம் மிகுந்த வெள்ளையர் சமத்துவ நடவடிக்கைகளை அதிகம் ஆதரித்தனர். பழக்கம் மிகுந்த கறுப்பரோ குறைவாக ஆதரித்தனர். நம் தாலுகா அலுவலகங்களில் நடக்கும் சமாதானக் கூட்டங்களை நேரில் கண்டவர்களுக்கு இவை புதுமையாகத் தோன்றா. வட்டாட்சியர் நடுவில் அமர்கிறார், இரு தரப்புப் பெரியவர்களும் எதிரெதிரே அமர்கிறார்கள், காபி வருகிறது, நாம் எல்லாரும் ஒரே ஊர்ப் பிள்ளைகள், தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகியவர்கள் என்று பேசப்படுகிறது, இரு தரப்பாரும் ஒரு தாளில் கையெழுத்திடுகிறார்கள். தாளில் பெரும்பாலும் இருப்பது பழைய நிலையே நீடிக்கட்டும் என்பது. பொதுத் தெருவில் ஊர்வலம் போகக் கேட்டவன் ஊர்வலம் போகாமல் வீட்டுக்குப் போகிறான், இனிமையான மனிதர்கள் என்ற எண்ணத்தோடு.

மைதானத்தின் கதையையும் விட்டுவிட முடியாது, ஏனெனில் விளையாட்டு சாதி மதம் அறியாது என்ற வாசகத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஈராக்கில் ஐ.எஸ். படையினரால் விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களிடையே சல்மா மூசா என்ற அறிஞர் கால்பந்துப் போட்டிகள் நடத்தி, சில கிறிஸ்தவ அணிகளில் மூன்று முஸ்லிம் ஆட்டக்காரர்களையும், மற்ற அணிகளில் மூன்று கிறிஸ்தவர்களையும் சேர்த்து, விளைவை 2020-இல் வெளியிட்டார். கலப்பணியில் ஆடியவர்கள், விளையாட்டுப் பண்புக்கான பரிசுக்கு வேற்றணி முஸ்லிம் ஒருவருக்கு வாக்களிக்க முன்வந்தார்கள். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சியில் ஈடுபட்டார்கள். அடுத்த பருவத்திலும் கலப்பணியில் சேரச் சம்மதித்தார்கள். மனம் குளிர்கிற சேதிதான். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மோசூல் நகரத்து உணவகத்துக்குச் செல்வதற்கென்று சலுகைச் சீட்டைக் கொடுத்துப் பார்த்தபோது, கலப்பணியில் ஆடியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் போகவில்லை. தனக்குத் தெரிந்த மூவர் நல்லவர். தெரியாத நகரம் பழைய நகரமே. போக்கஹாண்டஸ் சுரங்கத்தின் வாய் எங்கே இருந்ததோ அங்கேதான் இந்த மைதானத்தின் கோடும் இருக்கிறது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் பல சாதி இளைஞரைக் கொண்டு கிரிக்கெட் நடத்திப் பார்த்த மாட் லோ, ஒரே அணியில் ஆடினால் வேற்றுச் சாதி நட்பு வளர்வதையும், எதிரணியில் மோதினால் குறைவதையும் கண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அப்படியானால் எதுதான் மாற்றும் என்று கேட்பது நியாயம். பாலக் தம் இளமையில், யேல் பல்கலைக்கழக மாணவியாயிருந்த காலத்தில், ருவாண்டாவில் செய்த சோதனை ஒன்றை நான் இங்கே பெரிதும் மதிக்கிறேன். 1994-இல் இனப்படுகொலை நடந்த நாடு அது. அண்டை வீட்டார் அண்டை வீட்டாரை வெட்டிய நாடு. பழக்கமின்மை அங்கும் காரணமன்று. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டின் பகையையும் சமாதான முயற்சியையும் பற்றிய வானொலி நாடகம் ஒன்றைச் சில இடங்களில் ஓராண்டுக் காலம் மக்கள் கூடிக் கேட்கச் செய்தார்கள். வேறு இடங்களில் ஆரோக்கியத்தைப் பற்றிய மற்றொரு நாடகம் ஒலித்தது. முடிவில் விசாரித்தபோது, பகை நாடகம் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் அதிகம் மாறியிருக்கவில்லை. ஊரில் எது செய்யத் தக்கது, எதைச் சொன்னால் நாலு பேர் ஏற்பார்கள் என்பதைப் பற்றிய அவர்களுடைய கணிப்பு மாறியிருந்தது. சோதனை முடிந்ததும் ஒவ்வோர் இடத்துக்கும் வானொலிப் பெட்டியும் ஒலிநாடாக்களும் பரிசாகக் கொடுக்கப்பட்டன. அவற்றை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சைப் பக்கத்திலிருந்து குறித்துக்கொண்டார்கள். ஆரோக்கிய நாடகம் கேட்ட இடங்களில், ஊரதிகாரியிடமே இருக்கட்டும் என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் தலையசைத்தார்கள். பகை நாடகம் கேட்ட இடங்களில் எதிர்த்துப் பேசினார்கள், வாதாடினார்கள், நாமே சேர்ந்து பொறுப்பேற்போம் என்று முடிவு செய்தார்கள். உள்ளம் அப்படியே இருக்க, நடத்தை மாறிற்று.

உள்ளமும் நடத்தையும் இப்படி இரு வேறு வழியில் போவது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1930-களின் தொடக்கத்தில் ரிச்சர்டு லாப்பியர் என்ற அமெரிக்கர், சீனத் தம்பதியர் இருவரோடு நாடு முழுவதும் பிரயாணம் செய்து 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஏறி இறங்கினார். ஒரே ஓரிடத்தில்தான் இடமில்லை என்றார்கள். பின்னர் அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனரை ஏற்பீர்களா என்று கேட்டபோது, பதிலளித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏற்கமாட்டோம் என்றார்கள். மனத்தில் இருப்பதைக் கேட்டு அளந்து, மனத்தைத் திருத்தி, அதன் வழியே நடத்தையைத் திருத்தப் புறப்படுவோர் இந்தப் பழைய கட்டுரையை ஒருமுறை வாசிப்பது நலம்.

சட்டத்தால் இதயத்தை மாற்ற முடியுமா என்பது எதிர்க்கட்சியாரின் கடைசிக் கேள்வி. மிகவும் கம்பீரமாகக் கேட்கப்படும் கேள்வி. இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவிட்டபோது பஸ் முதலாளிகளின் இதயத்தைப் பற்றி விசாரிக்கவில்லை. 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட மக்கள் சிலரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது வைதிகர் கொதித்தெழுந்தார்கள். நுழைந்தவர்களையும் அழைத்துச் சென்றவர்களையும் காக்கும் சட்டம் அதே ஆண்டில் பிறந்தது. மதுரையின் வைதிக உள்ளம் கனியட்டும் என்று அவர் காத்திருந்திருந்தால் எந்த ஆண்டில் நுழைந்திருப்பார் என்று சொல்வார் உண்டா? 1998-இல் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் சமத்துவபுரத்திலும், 100 வீடுகளில் 40 தாழ்த்தப்பட்டோருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவருக்கு என்று அரசு எழுதிவைத்த பங்கீடுதான் அத்திட்டத்தின் உயிர்நிலை. யாருக்கு யார் அண்டை வீட்டார் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒருவருக்கும் இல்லை. நியூயார்க்கில் நிறம் பாராமல் வீடு ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளில் வெள்ளைப் பெண்மணிகளின் மனம் இளகியிருந்ததையும், நெவார்க்கில் கட்டடம் கட்டடமாகப் பிரித்துக் குடிவைத்த இடங்களில் இளகாதிருந்ததையும் டாய்ச்சும் காலின்ஸும் 1951-லேயே எழுதிவிட்டார்கள். அங்கும் முதலில் வந்தது ஒதுக்கீட்டு விதி. இளக்கம் பின்னால் வந்தது.

ராஜஸ்தானில் தலித்துகளுக்கென்று ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிகளின் விளைவை சைமன் ஷோசார் என்ற அறிஞர் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார். எதிரே இருப்பவருக்கு முகஸ்துதியாகப் பதில் சொல்லிவிடுவார்களே என்று, கேள்விகளைச் சிறு ஒலிக்கருவியில் பதிவு செய்து, ஒவ்வொருவரும் காதில் மாட்டிக்கொண்டு தனியே கேட்டுத் தனியே குறிக்கும்படி ஏற்பாடு செய்தார். தலித் தலைவர் இருந்த ஊர்களில் மேல்சாதியாரின் மனத்திலிருந்த இழிவுச் சித்திரம் அழகடைந்துவிடவில்லை. ஆனால் தீண்டாமையைக் கடைப்பிடித்தால் சட்டம் வரும், ஊர் முன்போல் பக்கத்தில் நிற்காது என்ற உணர்வு வலுத்திருந்தது, அதற்கேற்ப நடந்துகொள்ளும் எண்ணமும் மிகுந்திருந்தது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுக் காலம், ஒதுக்கப்பட்ட தலைவர் நாற்காலியில் தலித் ஒருவர் அமர முடியவில்லை. தேர்தல் அறிவித்தால் மனுத் தாக்கல் செய்ய ஆளிருக்காது. செய்து வென்றவர் பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கடிதம் நீட்டுவார். அந்த ஊர்களில் ஒருவரையொருவர் அறியாதவர் ஒருவரும் இல்லை. 2006 அக்டோபரில், பேச்சுவார்த்தைகளும் நடந்தன, அரசும் ஒதுக்கீட்டில் கை வைக்காமல் உறுதியாக நின்றது. தேர்தல் முடிந்து தலைவர்கள் அமர்ந்தார்கள். வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்த அதிகாரிகள், அவர்களுடைய அண்டை வீட்டாரின் மனம் மாறிவிட்டதா என்று அதனோடு சேர்த்துச் சரிபார்க்கவில்லை.